மின் இணைப்பு: செ. அங்கமுத்து

பட்டியலில் பதினாலு காகிதம் இருக்கிறது.
"ஏதாவது ஒண்ணு போதும்க்கா" என்கிறான்
இ-சேவை மையத்துப் பையன்,
கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துக்கச் சொல்வதுபோல.

போன் பில் மெயிலுக்கு வருகிறது.
மெயிலுக்குக் கதவு எண் கிடையாது.
பாஸ்புக்கை நிறுத்திவிட்டார்கள், ஆப்பில் பார்க்கலாம்.
ஆப்பில் இருப்பது ஆத்தூர் வீடு.
கார்டிலும் ஆத்தூர்,
என் பெயருக்குப் பின்னால் க/பெ என்று இன்னொரு பெயர்.
வாடகை ஒப்பந்தம் கேட்டதற்கு
"வாய்ப்பேச்சு போதாதாம்மா" என்று சிரித்தார் வீட்டுக்காரர்.
மாதாமாதம் போனில் அனுப்பும் வாடகைக்கு
"கைமாத்து" என்று குறிப்புப் போடச் சொல்லியிருக்கிறார்.

கரண்ட் பில் மட்டும் இந்த வீட்டுக்கென்று வருகிறது.
செ. அங்கமுத்து. வீட்டுக்காரரின் அப்பா.
செத்து ஒன்பது வருஷம்.
வாய்க்கால்பட்டறை, பழைய எண் 14, புது எண் 31 பார் 2,
மாடிப் போர்ஷனில் இன்னும் அவர்தான் குடியிருக்கிறார்.
நூறு யூனிட் இலவசம், அதுவும் அவருக்கே.
நான் போட்ட ஃபேன் காற்றில் அவர் தூங்குகிறார்.

மற்றபடி யாருக்குத் தெரியாது?
பரோட்டா கொண்டுவருகிறவன் போன் செய்யாமலே
நீல கேட்டைத் தள்ளுகிறான்.
தண்ணி திறந்துவிடுகிறவர்
"மேல்வீட்டம்மா, குடத்த வைங்க" என்கிறார்.
சந்து நாய் குரைப்பதை விட்டு ஒரு மாசம் ஆச்சு.
கைபேசி மேப்பில் ஒரு நீலப் புள்ளி
ராத்திரி முழுக்க என் தலையணைமேல் துடிக்கிறது.
அதைப் பிரிண்ட் போட்டுத் தரட்டுமா என்றேன்.
பையன் சிரிக்கவில்லை. பின்னால் கியூ.

ஓடிபி வரும் என்றான்.
நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தைப் படித்தான்: நாற்பத்தேழு.
அது என்னுடையதில்லை.
ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சட்டைப்பை
ஒருதரம் அதிர்ந்து அடங்கியிருக்கும்.
நான் நான்தானா என்று
அவனிடம் கேட்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை போஸ்ட்மேன் சின்னப்பையன்
கேட்டருகே வண்டியை நிறுத்திக் கூப்பிட்டார்.
ரிஜிஸ்டர் தபால். கார்டு கேட்டார், கொடுத்தேன்.
"இதுல ஆத்தூர்னு இருக்கே."
நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்.
என் நைட்டி, என் துண்டு,
ஒற்றைத் தலையணை உறை
காய்ந்துகொண்டிருந்தன.
"சரி, கையெழுத்துப் போடுங்க."

சார்பு நீதிமன்றம், ஆத்தூர்.
எதிர்மனுதாரர்: கோகிலவாணி.
பழைய எண், புது எண், பார் இரண்டு,
அடைப்புக்குறிக்குள் மாடி என்றுகூடப் போட்டிருந்தது.
ஒரு எழுத்துப் பிழையில்லை. பின்கோடும் சரி.
என் பெயரும் இந்தக் கதவும்
ஒரே தாளில் நின்றது அதுதான் முதல்தடவை.
யார் சொல்லியிருப்பார்கள் என்று ரெண்டு நாள் யோசித்தேன்.
அப்புறம்தான் குக்கர் ஞாபகம் வந்தது.
பழைய கணக்கிலேயே ஆர்டர் போட்டிருந்தேன்.
மூன்று லிட்டர். ஒருத்திக்கு அதிகம்தான்.

சம்மனை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன்.
கோர்ட் முத்திரையைப் பார்த்ததும் நேராக உட்கார்ந்தான்.
முழுசும் படித்துவிட்டான் போல, குரல் இறங்கியது.
"இது லிஸ்ட்ல இல்லக்கா."
கொஞ்சம் பொறுத்து,
"மாவு மில்லு சந்துதானே? நீல கேட்டு? தெரியும்க்கா."
தெரியும் என்பதை
ஸ்கேன் செய்ய வழியில்லை.

இருட்டியபின் துணி எடுக்கப் போனேன்.
ஏற்காட்டுக்கு ஏறும் வளைவுகளில் ஒரு வண்டி விளக்கு
தெரிந்தது, மறைந்தது, கொஞ்சம் மேலே தெரிந்தது.
போனில் செய்தி:
செ. அங்கமுத்து, 212 யூனிட், கடைசித் தேதி இருபது.
கட்டினேன். ரசீது உடனே வந்தது, அவர் பெயருக்கு.
உள்ளே வந்து
குக்கரில் மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு
அங்கமுத்துவின் விளக்கை அணைத்தேன்.